கட்டைவிரல் அசையவில்லை, ஆனால் நோயாளி மூச்சு இழுக்கிறார்: ரிலாக்ஸன்ட் எல்லாத் தசையையும் ஒரே மாதிரி பிடிக்காதா?

தியேட்டர்மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மயக்கவியல் தொழில்நுட்பம் படிக்கிறேன், இப்போது தியேட்டர் போஸ்டிங். ஒரு விஷயம் புத்தகத்தில் படித்தும் பிடிபடவில்லை. பித்தப்பை லேப்ராஸ்கோபி மாதிரி கேஸ்களில் அட்ராகூரியம் என்ற ரிலாக்ஸன்ட் (தசையைத் தளர்த்தும் மருந்து) போடுகிறார்கள், மணிக்கட்டில் நரம்புத் தூண்டி வைத்துப் பார்த்தால் கட்டைவிரல் ஒரு துடிப்புகூடக் காட்டுவதில்லை, அப்படியென்றால் தசையெல்லாம் முழுக்கத் தளர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஆனால் அதே நேரத்தில் சர்ஜன் வயிறு டைட்டாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ரிலாக்ஸன்ட் கொடுங்கள் என்கிறார், திரையில் கார்பன் டை ஆக்சைடு கோட்டின் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது, சில நேரம் விக்கலும் வருகிறது. யார் சொல்வது சரி, கருவியா சர்ஜனா?

இன்னொன்று. கேஸ் முடியும்போது நோயாளி தானாகவே நன்றாக மூச்சு இழுக்கிறார், ஆனாலும் எங்கள் மேடம் மூச்சுக்குழாயில் போட்ட டியூப்பை எடுக்காமல் காத்திருக்கிறார். மூச்சே வந்துவிட்ட பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்?


பொருநைமயக்கவியல் எழுதியது:

இரண்டுமே சரி. கருவி கட்டைவிரலைப் பற்றி உண்மை சொல்கிறது, சர்ஜன் வயிற்றைப் பற்றி உண்மை சொல்கிறார். நீங்கள் மணிக்கட்டில் அல்னார் நரம்பைத் தூண்டிப் பார்ப்பது ஒரே ஒரு தசையை, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் அடக்டர் பாலிசிஸ். அது உடம்பு முழுவதற்கும் பிரதிநிதி இல்லை.

உதரவிதானம் இந்த மருந்துகளுக்கு எளிதில் மசியாத தசை. கட்டைவிரலைக் கட்டிப்போட எவ்வளவு மருந்து வேண்டுமோ அதைப் போல ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும் உதரவிதானத்துக்கு. அதனால் விரல் செத்தது போல் கிடக்கும்போதும் உதரவிதானம் அசையும், விக்கல் வரும், நீங்கள் சொன்ன அந்தப் பள்ளமும் அதன் வேலைதான். வயிற்றுச் சுவர்த் தசைகளும் விரலை விடச் சீக்கிரம் மீண்டுவிடும். ஆகவே நாலு தூண்டலுக்கும் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு சர்ஜனிடம் வாதம் செய்வதில் பயனில்லை. அந்த ஆழத்தில் டி.ஓ.எஃப்., அதாவது அந்த நாலு தூண்டல் சோதனை, நமக்கு ஒன்றும் சொல்லாது. பி.டி.சி., அதாவது தொடர் தூண்டலுக்குப் பிறகு வரும் துடிப்புகளின் எண்ணிக்கை, பார்க்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 5 விநாடி தொடர் தூண்டல், 3 விநாடி இடைவெளி, பிறகு விநாடிக்கு ஒன்றாகத் தூண்டி எத்தனை துடிப்பு வருகிறது என்று எண்ணுவது. அது ஒன்றிரண்டுக்கு மேல் போனால் உதரவிதானம் எழுந்திருக்க வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுவரும் அசிடைல்கோலின் போய் உட்காரும் ரிசெப்டர்கள் தசையில் தேவைக்கு மிக அதிகமாக இருக்கின்றன. முக்கால் பங்கு ரிசெப்டரை மருந்து அடைத்த பிறகும் துடிப்பு குறையாமல் வரும், அதற்கு மேல் அடைத்தால்தான் பலவீனமே தெரிய ஆரம்பிக்கும். இந்த உபரி எல்லாத் தசையிலும் ஒரே அளவு இல்லை. உதரவிதானத்தில் அது இன்னும் அதிகம். ரிசெப்டர்களின் அடர்த்தி, நாரின் வகை, நாரின் பருமன் என்று காரணங்கள் பல சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: ஒரு தசை துடிக்கிறது என்பதால் அங்கே மருந்து இல்லை என்று ஆகாது, பெரும்பகுதி ரிசெப்டர்கள் அடைபட்ட நிலையிலும் அது துடித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் மேடம் செய்வதுதான் சரி. காரணம் தொண்டை. கொஞ்ச நேரத்தில் விரிவாக எழுதுகிறேன், கேஸ் கூப்பிடுகிறார்கள்.


வேதியியல்வாத்தியார் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை, பள்ளி ஆசிரியர், ஆனால் இங்கே ஒரு முரண் தெரிகிறது. உதரவிதானம் எளிதில் மசியாது என்கிறீர்கள். ஆனால் நான் படித்தவரை மருந்து செலுத்தியதும் மூச்சுத் தசைகள் விரலை விடச் சீக்கிரம் செயலிழக்கின்றன. மசியாத தசை எப்படி முதலில் விழும்?


பொருநைமயக்கவியல் எழுதியது:

நல்ல கேள்வி சார், பட்டமேற்படிப்பு மாணவர்களே இங்கே குழம்புவார்கள். எவ்வளவு ஆழமாகத் தளர்கிறது என்பது வேறு, எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பது வேறு.

வேகம் ரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. உதரவிதானம், குரல்வளை எல்லாம் இதயத்துக்கு அருகே, ரத்தம் தாராளமாகப் பாயும் இடங்கள். கட்டைவிரல் கடைமடை. தலைமடை வயலுக்குத் தண்ணீர் முதலில் வரும், வடிவதும் முதலில் வடியும். மருந்தை ஊசியில் போட்டதும் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தில் இருக்கும் அந்த முதல் நிமிடங்களில் மையத் தசைகள் அந்த உச்சத்தை நேராக வாங்கிக்கொள்கின்றன. பிறகு ரத்தத்தில் அளவு குறையக் குறைய மருந்து அங்கிருந்து வேகமாகத் திரும்பிவிடும், தவிர அந்தத் தசைகளுக்கு நிறைய மருந்து வேண்டும் என்பதால் கொஞ்சம் குறைந்தாலே மீண்டுவிடும். விரலுக்கு மருந்து தாமதமாகப் போய்ச் சேர்கிறது, ஆனால் குறைந்த அளவே அதைக் கட்டிப்போடப் போதும் என்பதால் நீண்ட நேரம் கட்டுண்டு கிடக்கும்.

இதன் நடைமுறை விளைவு டியூப் போடும்போது தெரியும். 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரோக்குரோனியம் என்ற ரிலாக்ஸன்டைக் கிலோவுக்கு 0.5 மி.கி. கொடுத்து குரல்வளைத் தசையையும் கட்டைவிரலையும் ஒரே நேரத்தில் அளந்தார்கள். குரல்வளை சீக்கிரம் உச்சத் தளர்வுக்குப் போனது, ஆனால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் தளர்ந்தது. கட்டைவிரல் மெதுவாகப் போய் ஏறத்தாழ முழுதாகத் தளர்ந்தது. மருந்தைக் குறைவாகக் கொடுத்துவிட்டு விரல் முழுசாக நிற்கட்டும் என்று காத்திருந்தால் குரல் நாண்கள் அந்த நேரத்தில் மறுபடி மூட ஆரம்பித்திருக்கும், டியூப் உள்ளே போகும்போது நோயாளி இருமுவார். அவசரமாக டியூப் போட வேண்டிய கேஸில் ரோக்குரோனியத்தைக் கிலோவுக்கு 1.2 மி.கி. அளவுக்கு உயர்த்துவதன் நோக்கமே இந்த மசியாத தசைகளையும் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட வேண்டும் என்பதுதான்.

குரல்வளை எப்போது தளர்கிறது என்று வெளியிலிருந்து ஊகிக்க முகத்தில் ஒரு இடம் உண்டு, புருவத்தைச் சுருக்கும் தசை. அது குரல்வளைத் தசைகளோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. பக்கத்திலேயே இருக்கும் இமை மூடும் தசை அப்படி இல்லை, அது கட்டைவிரல் பக்கம் சேர்ந்தது. இரண்டு விரல்கடை தூரத்தில் இரண்டு வேறு நடத்தை.


பழையதியேட்டர் எழுதியது:

டாக்டரம்மா சொல்வதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. நான் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல வருடம் மயக்க மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் இந்தக் கருவி எதுவும் கிடையாது. மூச்சின் அளவு போதுமா, கையை இறுக்கிப் பிடிக்கிறாரா, தலையை 5 விநாடி தூக்கி நிறுத்துகிறாரா, இதைப் பார்த்துத்தான் டியூப்பை எடுத்தோம். தளர்வை மாற்ற நியோஸ்டிக்மின், அதனால் நாடி குறையாமல் இருக்கக் கிளைகோபைரோலேட் கொடுத்தோம். நோயாளிகள் நன்றாகத்தான் வார்டுக்குப் போனார்கள். கருவி இல்லாத ஊரில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம்.


பொருநைமயக்கவியல் எழுதியது:

ஐயா, உங்கள் தலைமுறை கையில் ஒன்றும் இல்லாமல் செய்த வேலையை நான் மதிக்கிறேன், நானும் அப்படிப்பட்ட இடத்தில்தான் கற்றேன். ஆனால் இந்த விஷயத்தில் உடன்பட முடியவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

மூச்சின் அளவு உதரவிதானத்தின் பலத்தைக் காட்டுகிறது. உதரவிதானம்தான் முதலில் மீளும் தசை என்று இப்போதுதான் பேசினோம். முதலில் தேறுகிறவனைப் பார்த்துவிட்டு வகுப்பே தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசியில் மீள்வது எது என்று பார்க்க வேண்டும். அது நாக்கையும் தொண்டையையும் தாங்கும் தசைகள், விழுங்க உதவும் தசைகள். 1989இல் விழித்திருந்த தன்னார்வலர்களுக்கு டியூபோகுராரின் என்ற பழைய ரிலாக்ஸன்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு உண்டு. மூச்சை உள்ளிழுக்கும் பலம் ஓரளவு நன்றாகவே இருந்த கட்டத்தில்கூட அவர்களால் சரியாக விழுங்க முடியவில்லை, தாடையைத் தாங்காமல் காற்றுப் பாதையைத் திறந்து வைத்துக்கொள்ள முடியவில்லை. பிறகு சுவீடனில் 1997இல் விழித்திருந்தவர்கள் விழுங்குவதை எக்ஸ்-ரே படமாகப் பிடித்தார்கள். டி.ஓ.எஃப். விகிதம் 0.9க்குக் கீழே இருக்கும்வரை விழுங்குவதில் கோளாறு இருந்தது, விழுங்கியது குரல்வளைப் பக்கம் நழுவியது. அதற்கு முன்பு நாமெல்லாம் 0.7 போதும் என்று இருந்தோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: டி.ஓ.எஃப். என்பது அரை விநாடி இடைவெளியில் நாலு தூண்டல். நாலாவது துடிப்பின் அளவை முதல் துடிப்பால் வகுத்தால் வருவது விகிதம். முழுதாக மீண்டால் 1க்கு அருகில் இருக்கும். தலையைத் தூக்குவது 0.9ஐத் தொடுவதற்கு வெகு முன்பே பலருக்கு முடிந்துவிடுகிறது. விரல் துடிப்பைக் கண்ணால் பார்த்தோ தொட்டோ, நாலும் ஒரே அளவாக இருக்கிறது என்று சொல்வதும் நம்பத்தக்கதல்ல, 0.4க்கு மேல் போய்விட்டால் தேய்வு, அதாவது துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துப்போவது, நம் புலனுக்குத் தெரியாது. ஆக 0.4க்கும் 0.9க்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி, அங்கே நம் கண்ணும் கையும் குருடு. வயதானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்கள், இவர்கள்தான் அந்த இடைவெளியில் மாட்டுகிறார்கள். தியேட்டரை விட்டு வெளியே வந்து ரிகவரியில் ஆக்சிஜன் குறைகிறது, அல்லது இரண்டு நாள் கழித்து நிமோனியா வருகிறது. அப்போது யாரும் ரிலாக்ஸன்டை நினைப்பதில்லை. வார்டுக்கு நன்றாகப் போனார்கள் என்பதை நான் ஆதாரமாக ஏற்கத் தயங்குவது இதனால்தான், ஐயா.


சேலத்துமகன் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். போன வருடம் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. எங்கே என்று சொல்ல விரும்பவில்லை. வெளியே கொண்டுவந்த பிறகு அம்மா தண்ணீர் விழுங்க முடியவில்லை, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, வாயே திறக்க வரவில்லை என்றார். மயக்கம் தெளியவில்லை, சரியாகிவிடும் என்றார்கள். சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அம்மா இன்றும் அதைச் சொல்லி அழுவார். இதுவும் நீங்கள் சொல்வதுதானா?


பொருநைமயக்கவியல் எழுதியது:

தம்பி, பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்ல முடியாது. டியூப் போட்ட தொண்டை வலியாலும் விழுங்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இரட்டைப் பார்வை, தாடை பலவீனம், விழுங்க முடியாமை மூன்றும் சேர்ந்து வருவது மீதமிருக்கும் தசைத் தளர்வுக்குப் பொருந்துகிறது. ஆய்வில் கலந்துகொண்ட ஆரோக்கியமான இளைஞர்களுக்கே விகிதம் 0.9க்கு வந்த பிறகும் பார்வை சரியாகவில்லை, கண் தசைகள் அவ்வளவு நுட்பமானவை. அம்மா கற்பனை செய்யவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன்: சாதாரண நாட்களில் மாலையானால் இமை சரிவது, மெல்லும்போது தாடை சோர்வது மாதிரி ஏதாவது உண்டா? இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில் ரிசெப்டர்களின் உபரியே இருக்காது, மிகக் குறைந்த மருந்துகூட அவர்களைப் பிடித்துக்கொள்ளும், சிலருக்கு நோய் இருப்பதே ஒரு ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.


வேதியியல்வாத்தியார் எழுதியது:

இதயமும் தசைதானே, அது ஏன் நிற்பதில்லை? அப்புறம் சிசேரியனில் கர்ப்பப்பை? குழந்தை?


பொருநைமயக்கவியல் எழுதியது:

இந்த மருந்துகள் பிடிப்பது எலும்புத் தசையில் இருக்கும் நிக்கோடினிக் வகை ரிசெப்டரை. இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, அங்கே அசிடைல்கோலினுக்கு இருப்பது மஸ்கரினிக் வகை. பான்குரோனியம் என்ற ரிலாக்ஸன்ட் அந்த மஸ்கரினிக்கையும் கொஞ்சம் அடைக்கும், அதனால் நாடி வேகமாகும், நிற்காது. குடலும் கர்ப்பப்பையும் மென்தசை, அவற்றையும் இது தொடாது, பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை தளர்ந்து ரத்தம் போனால் மயக்க வாயுவின் அளவைச் சந்தேகப்பட வேண்டும், ரிலாக்ஸன்டை அல்ல. இந்த மூலக்கூறுகள் நிரந்தர மின்னேற்றம் கொண்டவை என்பதால் நஞ்சுக்கொடியைப் பெரிதாகத் தாண்டாது, வழக்கமான அளவில் குழந்தை அசைந்து அழுதுகொண்டே பிறக்கும்.

அதே காரணத்தால் மூளைக்கும் போகாது. இது எனக்கு மனதில் கனமாக இருக்கும் விஷயம். 1947இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தன் உடம்பிலேயே டியூபோகுராரினை முழு அளவில் செலுத்தச் சொன்னார். ஒரு தசைகூட அசையாத நிலையிலும் நினைவு முழுக்கத் தெளிவாக இருந்தது, வலியும் தெரிந்தது, பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அசையாமல் கிடப்பவர் தூங்குகிறார் என்று நினைக்கக் கூடாது. பிரிட்டனில் 2014இல் வெளியான பெரிய தணிக்கையில், ஆபரேஷன் நடுவே நினைவு இருந்ததாக நோயாளிகளே வந்து சொன்னது ரிலாக்ஸன்ட் கொடுத்த கேஸ்களில் ஏறத்தாழ 8,000க்கு ஒன்று, கொடுக்காத கேஸ்களில் 1,36,000க்கு ஒன்று. மருந்து நினைவைத் தருவதில்லை, நினைவு இருப்பதைச் சொல்லும் வழியை அடைத்துவிடுகிறது.


கோவைபார்மசி எழுதியது:

ஸ்காலின், அதாவது சக்சினைல்கோலின் என்ற ரிலாக்ஸன்ட், பற்றி யாரும் பேசவில்லையே. அது தசைகளை வேறு மாதிரி நடத்துகிறது. முதலில் தூண்டிவிட்டு அப்புறம்தான் தளர்த்தும், அதனால்தான் முகம், நெஞ்சு, கை கால் என்று நரம்பு துடிப்பது போல் ஓடும், அடுத்த நாள் அடித்துப் போட்ட மாதிரி வலி. தாடைத் தசை சிலருக்குத் தளராமல் இறுகும். கண் தசையில் ஒரே நாருக்குப் பல நரம்பு முனைகள் உள்ள நார்கள் உண்டு, அவை தளராமல் இழுத்துப் பிடித்தபடி நிற்கும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கண் திறந்த காயம் என்றால் யோசிப்பது இதனால்தான்.

பெரிய தீக்காயம் பட்டு ஒரு நாளுக்கு மேல் ஆனவர்கள், பக்கவாதம், தண்டுவடக் காயம் உள்ளவர்கள், இவர்களுக்கு ரிசெப்டர்கள் தசையின் மேல் முழுக்கப் பரவிவிடும். அங்கே ஸ்காலின் போட்டால் பொட்டாசியம் கொட்டி இதயமே நிற்கலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். ஸ்காலினை உடைக்கும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் நொதி ஆரிய வைசியக் குடும்பங்கள் சிலவற்றில் பிறவியிலேயே மிகக் குறைவு. இங்கே பாரதியார் பல்கலைக்கழகத்தில் அதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டு 2006இல் வெளியிட்டார்கள். மற்றவர்களுக்குப் பத்து நிமிடத்தில் விடும் மருந்து இவர்களைப் பல மணி நேரம் விடாது, வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சு வரத் தாமதமானதா என்று கேட்பது ஒரு நிமிட வேலை.


பழையதியேட்டர் எழுதியது:

ஸ்காலின் பற்றித் தம்பி எழுதியது அத்தனையும் சரி. டாக்டரம்மா, தொண்டை கடைசியில் மீள்கிறது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தளர்வை மாற்றும் புது மருந்தான சுகாமாடெக்ஸ் விலை என்ன, அளக்கும் கருவி விலை என்ன? தாலுகா மருத்துவமனையில் இருக்கும் பிள்ளை நாளைக் காலை என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.


பொருநைமயக்கவியல் எழுதியது:

நியாயமான கேள்வி ஐயா. சுகாமாடெக்ஸ் ரோக்குரோனியம், வெக்குரோனியம் வகை ரிலாக்ஸன்ட்களை மட்டும்தான் பிடிக்கும், அட்ராகூரியத்துக்கு அது உதவவே உதவாது. நம் தாலுகா தியேட்டரில் இருப்பது பெரும்பாலும் அட்ராகூரியம், வெக்குரோனியம், நியோஸ்டிக்மின். அதை வைத்தே பேசுவோம்.

எண் காட்டாத சாதாரண நரம்புத் தூண்டி ஒன்றாவது வாங்கச் சொல்லிப் போராட வேண்டும், அதுவும் இல்லாமல் ரிலாக்ஸன்ட் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். அதில் தேய்வு தெரிந்தால் நோயாளி மீளவில்லை என்பது உறுதி. தெரியவில்லை என்றால் மீண்டுவிட்டார் என்று உறுதி கிடையாது. ஆகவே நாலு துடிப்பும் தேய்வு தெரியாமல் வரும்வரை பொறுத்து, பிறகு நியோஸ்டிக்மின் கொடுத்து, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து டியூப்பை எடுங்கள். விரல் பூஜ்யம் காட்டும்போது நியோஸ்டிக்மினை ஊற்றுவதில் பயனில்லை, அந்த மருந்துக்கு ஓர் உச்ச எல்லை உண்டு, அசிடைல்கோலினை உடைக்கும் நொதியை முழுதாகத் தடுத்த பிறகு இன்னும் ஒரு ஆம்பூல் போட்டாலும் கூடுதலாக ஒன்றும் நடக்காது. கடைசி டோஸ் எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள், முடியப்போகும் கேஸில் வயிறு டைட் என்றால் மயக்க வாயுவைக் கூட்டியோ வலி மருந்து கொடுத்தோ சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.


தியேட்டர்மாணவி எழுதியது:

மேடம், ரொம்ப நன்றி, இப்போது புரிகிறது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும். இரண்டு கையையும் பக்கத்தில் மடக்கித் துணிக்குள் வைத்துவிட்டால் எலக்ட்ரோடை முகத்தில்தானே ஒட்டுகிறோம்? அதை வைத்தே டியூப் எடுக்கலாமா?


பொருநைமயக்கவியல் எழுதியது:

கூடாது. புருவத்தைச் சுருக்கும் தசை சீக்கிரம் மீள்வது, அது நாலு துடிப்பு காட்டும்போது தொண்டை இன்னும் பலவீனமாக இருக்கும். தவிர முகத்தில் எலக்ட்ரோட் தசையின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் நரம்பு வழியாக இல்லாமல் நேராகத் தசையே துடிக்கும், அது ரிலாக்ஸன்ட் எவ்வளவு இருந்தாலும் துடிக்கும். முகத்தில் பார்த்து மீட்பை முடிவு செய்தவர்களில் மீதித் தளர்வு அதிகம் இருந்ததாக ஆய்வும் உண்டு. 2023இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்த வழிகாட்டல்கள் இரண்டுமே கட்டைவிரலில் எண்ணாக அளந்து 0.9 வந்த பிறகே எடுக்கச் சொல்கின்றன. கேஸ் நடக்கும்போது முகத்தில் பாருங்கள், துணியை விலக்கியதும் ரிவர்ஸல் (தளர்வை மாற்றும் மருந்து) கொடுப்பதற்கு முன்பே மணிக்கட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

மணிக்கட்டில் ஒட்டும்போது சுண்டுவிரல் பக்கம், மடிப்புக்குக் கொஞ்சம் மேலே கறுப்பு எலக்ட்ரோட், அதற்கு மேல் சில செ.மீ. தள்ளி முழங்கைப் பக்கமாகச் சிவப்பு. கை சில்லென்று இருந்தால் துடிப்பு குறைவாகக் காட்டும், மூடிச் சூடாக வைத்திருங்கள். பக்கவாதம் வந்த கையில் மட்டும் ஒட்டாதீர்கள். அங்கே ரிசெப்டர்கள் பெருகியிருப்பதால் அந்தக் கை மருந்துக்கு மசியாமல் துடித்துக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து நீங்கள் மேலும் மேலும் மருந்து கொடுத்துவிடுவீர்கள். நல்ல கையைத் தேடி ஒட்டுங்கள், முடியாவிட்டால் நல்ல காலில் கணுக்காலின் உட்பக்கம் ஒட்டிப் பெருவிரலைப் பாருங்கள்.